உங்கள் ஊரில் ப்ராடக்ட் மேனேஜர்களை ஒன்றுசேர்ப்பது எப்படி? கோவையில் நான் செய்த வழி

ஒரு கம்பெனி தன் ப்ராடக்டில் அடுத்து எதைச் செய்வது என்று முடிவு செய்பவர்தான் ப்ராடக்ட் மேனேஜர், சுருக்கமாக பி.எம். கோவையில் அந்த வேலையில் இருப்பவருக்கு, ஆபீஸில் அதே வேலை பார்க்கும் இன்னொருவர் பெரும்பாலும் இருக்க மாட்டார். டெவலப்பர்கள் பத்துப் பேர், டெஸ்டர்கள் மூன்று பேர், சேல்ஸில் ஒரு பட்டாளம் என்று இருப்பார்கள், பி.எம். ஒற்றை ஆள். விலையை எப்படி வைப்பது, யாரும் தொடாத ஃபீச்சரை எப்போது தூக்குவது என்று கேட்க ஆளில்லாமல், பெங்களூரில் இருக்கும் பழைய நண்பரை இரவு பத்து மணிக்குப் போனில் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளூரிலேயே பேச நாலு பேர் வேண்டும் என்று தேடத் தொடங்கியது அதனால்தான். முதல் முயற்சி படுத்துவிட்டது. இரண்டாவது முயற்சி பதினான்கு மாதமாக, மாதம் தவறாமல் நடக்கிறது. உங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: பதவிப் பெயரை நம்பாமல் ஆள் தேடுங்கள்

லிங்க்ட்இனில் ஊரைக் கோயம்புத்தூர் என்று வைத்து ‘ப்ராடக்ட் மேனேஜர்’ என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். நமக்கு வேண்டியவர்களில் பாதிப் பேர் அதில் இருக்க மாட்டார்கள். ஐ.டி. சர்வீஸ் கம்பெனியில் ‘பிசினஸ் அனலிஸ்ட்’ என்று இருப்பவர் முழுக்க பி.எம். வேலையைச் செய்துகொண்டிருப்பார். ஸ்பின்னிங் மில்களுக்கு சாஃப்ட்வேர் எழுதும் சின்ன கம்பெனியில் முதலாளியே பி.எம். பம்ப், கிரைண்டர் கம்பெனிகளில் அடுத்த மாடல் எதுவென்று முடிவு செய்பவரின் கார்டில் வேறு ஏதாவது பதவி இருக்கும்.

அதனால் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: “உங்க கம்பெனியில அடுத்து எதைச் செய்யறதுன்னு முடிவு பண்றது யாருங்க?” ‘நான்தான்’ என்பவர் நம் ஆள். பம்ப் கம்பெனிக்காரர் சாஃப்ட்வேர் ஆள் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஏன் என்று படி 4-இல் சொல்கிறேன்.

லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் தேடலுக்கு மாத வரம்பு உண்டு. கிடைக்கும் பெயர்களை அப்போதைக்கப்போது ஒரு ஷீட்டில் குறித்துவிடுங்கள். இருபது பெயர் போதும். நான் அனுப்பிய செய்தி இது:

“வணக்கங்க. நானும் கோவையில பி.எம்.தான். வர்ற சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் டீக்கு உட்கார்ந்து, ஒருத்தரோட ஒரு பிரச்சனையை மட்டும் பேசப் போறோம். எதையும் விக்கறதில்ல, ஆள் எடுக்கறதும் இல்ல. அஞ்சு நிமிஷம் போன்ல பேசலாமுங்களா?”

கடைசி வரியை எடுத்துவிடாதீர்கள். போனில் ஒருமுறை குரல் கேட்டவர்தான் கூட்டத்துக்கு வருகிறார்.

படி 2: வாட்ஸ்அப் குரூப்பை முதலில் தொடங்காதீர்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். முதல் முயற்சியில் குரூப்பைத் தொடங்கி, அதன் லிங்கை லிங்க்ட்இனில் போட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் 140 பேர் சேர்ந்தார்கள். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வாரமே வேலை வாய்ப்பு ஃபார்வர்டு, சர்டிஃபிகேட் கோர்ஸ் விளம்பரம், காலை வணக்கம். கூட்டத்துக்கு யார் வருகிறீர்கள் என்று குரூப்பில் வாக்கெடுப்பு வைத்தேன். 31 பேர் ‘வருகிறேன்’ என்று அழுத்தினார்கள். வந்தது நான்கு பேர், என்னையும் சேர்த்து. முப்பது பேருக்கு என்று பிடித்த ஹாலில் நாங்கள் நான்கு பேர் ஏசியைக் குறைக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் இரண்டாவது கூட்டம் நடக்கவே இல்லை.

ஒருவரையொருவர் பார்த்தே இராத 140 பேர் இருக்கும் இடத்தில் யாரும் தன் சிக்கலைச் சொல்ல மாட்டார்கள். தன் கம்பெனி மேனேஜரே அதில் இருக்கலாம். பேச வேண்டியவர்கள் ஒதுங்கிவிட, விளம்பரம் போடுபவர்களுக்கு இடம் காலியாகிறது.

ஆகவே இரண்டாவது தடவை வரிசையை மாற்றினேன். எட்டுப் பேரை மட்டும் தனித்தனியாகப் போனில் கூப்பிட்டேன். ஏழு பேர் வந்தார்கள். மூன்று கூட்டம் முடிந்த பிறகுதான் குரூப். அதில் சேர ஒரே நிபந்தனை, ஒரு கூட்டத்துக்காவது நேரில் வந்திருக்க வேண்டும். பதினான்கு மாதம் கழித்தும் 46 பேர்தான் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். நமக்கு அது தேவையே இல்லை.

2010-இல் லண்டனில் மார்ட்டின் எரிக்சன் தொடங்கிய ப்ராடக்ட்டேங்க், இன்று பல நாடுகளில் கிளை விட்ட பி.எம்.கள் கூட்ட அமைப்பு. அதுவும் ஒரு பப்பில் சில பேர் கூடிப் பேசியதில் தொடங்கியதுதான். ‘அவர்கள் பெயரிலேயே கோவைக் கிளை தொடங்கலாமே’ என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். தொடங்கலாம், தப்பில்லை. ஆனால் முதல் ஆறு மாதம் பெயரே வைக்காமல் நடத்திப் பாருங்கள் என்பேன். பெயர், லோகோ, பேனர் என்று போகிற நேரத்தில் பத்துப் பேருக்குப் போன் செய்துவிடலாம்.

படி 3: நாளும் இடமும்

எங்களுக்கு மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை முதல் ஆறரை வரை. ஞாயிறு வைத்தால் வார இறுதிக்கு ஊருக்கு வந்த பெங்களூர்க்காரர்கள் ராத்திரி பஸ்ஸுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை காலையில் வைத்தால் மில், பம்ப் கம்பெனிக்காரர்களுக்கு அது வேலை நாள். தேதியை மாதாமாதம் வாக்கெடுப்பு வைத்து மாற்றாதீர்கள். இரண்டாவது சனி என்றால் இரண்டாவது சனிதான். நான்கு பேர் வந்தாலும் நடத்துங்கள்.

இடம், ஹோப் காலேஜ் பக்கம் ஒரு பேக்கரி. கோவையில் பேக்கரிக்குப் பஞ்சமில்லை, டீயும் பஃப்ஸும் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். சரவணம்பட்டிக்காரர்கள் விளாங்குறிச்சி வழியாக சத்தி ரோடு நெரிசலில் மாட்டாமல் வந்துவிடுவார்கள், சிங்காநல்லூர்க்காரர்களுக்கும் பக்கம். ஏதாவது ஒரு கம்பெனியின் கான்ஃபரன்ஸ் ரூமை இலவசமாகத் தருகிறேன் என்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம். அந்தக் கம்பெனிக்குப் போட்டியாக இருப்பவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

படி 4: ஒரு ஆள், ஒரு பிரச்சனை

பேச்சாளரை அழைத்து ஸ்லைடு போட்டுக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத்தான் வீட்டிலிருந்தே யூடியூபில் பார்க்கலாமே. நாங்கள் செய்வது இப்படி: ஒருவர் தன் வேலையில் இப்போது சிக்கியிருக்கும் ஒரு பிரச்சனையைப் பத்து நிமிடத்தில் சொல்வார். அடுத்த பதினைந்து நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம், யோசனை சொல்லக்கூடாது. அதற்கப்புறம்தான் யோசனை, அரை மணி நேரம். மீதி நேரம் டீ.

அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். நமக்கெல்லாம் பிரச்சனையைக் கேட்டவுடன் தீர்வு சொல்லிவிட வாய் துடிக்கும். நடத்துபவர் கையைக் காட்டி நிறுத்தத்தான் வேண்டும்.

ஒரு கூட்டத்தில் கிரைண்டர் டீலர்களுக்கான ஆர்டர் ஆப் செய்யும் ஒரு அம்மணி பேசினார். டீலர்கள் ஆப்பை இறக்குகிறார்கள், முதல் ஆர்டர் போடுகிறார்கள், அப்புறம் பழையபடி போனில்தான் ஆர்டர் சொல்கிறார்கள். ஸ்க்ரீன்களை மூன்று முறை மாற்றியும் பலனில்லை. சாஃப்ட்வேர்க்காரர்கள் நாங்கள் எல்லோரும் பட்டன் எங்கே, எத்தனை ஸ்டெப் என்றே கேட்டுக்கொண்டிருந்தோம். பம்ப் கம்பெனிக்காரர் ஒருவர், பஃப்ஸைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: “ஆர்டர் போடற நேரத்துல கடையில யாருங்க இருப்பாங்க?”

கணக்குப்பிள்ளைதான் இருப்பார். முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருப்பார். ஆப் கேட்கும் ஓ.டி.பி.யோ முதலாளி போனுக்குப் போகிறது. முதல் ஆர்டர் அன்றைக்கு ஆப் கம்பெனி ஆளே கடையில் இருந்து சேர்த்துவிட்டதால் அது தெரியவில்லை. அந்த அம்மணி நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். அடுத்த மாதம் வந்து, கடைக்கு இரண்டு எண் பதிவு செய்ய வழி வைத்துவிட்டதாகச் சொன்னார். டீலர் கடைகளில் பதினைந்து வருடம் ஏறி இறங்கியவர் மேசையில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தே இருக்காது.

படி 5: வெளியே போகக்கூடாதது

சாத்தம் ஹவுஸ் விதி என்று ஒன்று உண்டு, லண்டனில் சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்தது. கேட்ட விஷயத்தை நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். யார் சொன்னார், எந்தக் கம்பெனி என்பதை வெளியே சொல்லக்கூடாது. இதை ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதோடு நாங்கள் சேர்த்துக்கொண்டவை: வருமானக் கணக்கு, வாடிக்கையாளர் பெயர், வெளிவராத ரிலீஸ் தேதி மூன்றையும் சொல்பவரே தவிர்த்துவிட வேண்டும். குரூப் ஃபோட்டோவும் எடுப்பதில்லை. வேலை தேடிக்கொண்டிருப்பவர் ஒருவர் அந்த ஃபோட்டோவால் ஆபீஸில் பதில் சொல்ல வேண்டிவந்த பிறகு நிறுத்தினோம்.

கருவிகள்

கூகுள் ஷீட், கூகுள் கேலண்டரில் மாதாமாதம் திரும்ப வரும் ஓர் அழைப்பு, வாட்ஸ்அப். இவ்வளவுதான். கூட்டங்களை அறிவித்து ஆள் சேர்க்க உதவும் மீட்டப் தளத்தில் நடத்துபவர் சந்தா கட்ட வேண்டும். இருபது பேருக்கு அது தேவையில்லை. ஆபீஸ்களில் பேசிக்கொள்ளப் பயன்படும் ஸ்லாக் ஆப்பின் இலவசத் திட்டத்தில் 90 நாளுக்கு முந்தைய பேச்சைப் பார்க்க முடியாது. தவிர, வார இறுதியிலும் ஸ்லாக்கைத் திறக்க யாருக்கும் மனசு வராது. பணத்துக்கு அவரவர் டீக்கு அவரவர் ஜிபே. ஸ்பான்சர் வேண்டாம்.

பின்சேர்க்கை 1: இதைப் படித்த ஒரு வாசகி, தன் எண் முன்பின் தெரியாத நாற்பது பேருக்குத் தெரிவதால்தான் இப்படிப்பட்ட குரூப்களில் சேர்வதில்லை என்று எழுதினார். நியாயமான பேச்சு. இப்போது வாட்ஸ்அப் கம்யூனிட்டி ஒன்று வைத்திருக்கிறோம். அதன் அறிவிப்புப் பகுதியில் உறுப்பினர் எண்கள் அட்மினுக்கு மட்டுமே தெரியும். கூட்ட அறிவிப்பு அதில் வரும். அரட்டைக் குரூப்பில் சேர்வது அவரவர் விருப்பம். இதற்கப்புறம் பெண்கள் வருவது கூடியிருக்கிறது.

பின்சேர்க்கை 2: திருச்சியிலிருந்து ஒருவர், எங்கள் ஊரில் தேடியும் ஐந்து பேர்தான் கிடைத்தார்கள், தொடங்கலாமா என்று கேட்டார். தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் தேதி, இடம், பேசப் போகிறவர் மூன்றையும் நீங்களே பார்க்காமல் இரண்டாவது மாதத்திலேயே பிரித்துக் கொடுத்துவிடுங்கள். போன ஐப்பசியில் எனக்கு டைஃபாய்டு வந்து மூன்று வாரம் படுத்திருந்தேன். கூட்டம் நாலரைக்குத் தொடங்கிவிட்டது என்று பேக்கரி மேசை ஃபோட்டோ வந்தது, ஆட்கள் முகம் தெரியாமல் டீ கிளாஸ்கள் மட்டும்.