மாத்திரைக் காசுக்கு மத்தி வாங்குங்கள்

மனச்சோர்வுக்கு நல்லதென்று மீன் எண்ணெய் மாத்திரை வாங்கும் காசுக்கு, கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டில் வயிறு கொழுத்த மத்தியாகப் பார்த்து வாங்கி வாரம் இருமுறை குழம்பு வையுங்கள். மூளைச் செல்களின் சவ்வுக்குத் தேவையான டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பு அதில் நேரடியாகவே இருக்கிறது. சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் ஒமேகா-3 சுமார் 300 மில்லிகிராம்தான். கொழுத்த மத்தி 100 கிராமில் 1 கிராமாவது தேறும். பொரித்தால் ஒரு பங்கு சட்டி எண்ணெயோடு போய்விடும் (வறுவல் பிரியர்கள் மன்னிக்கவும்).

சைவர்களுக்கு ஆளிவிதைப் பொடி இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஒமேகா-3 உடலில் டிஎச்ஏவாக மாறுவது சொற்பம். யூரிக் அமிலம் கூடியவர்களுக்கு மத்தி ஆகாது. மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மீனை நம்பி அதை நிறுத்தக் கூடாது. மனச்சோர்வுக்கு ஒமேகா-3 தருவதாக ஆய்வுகளில் தெரிந்த பலன் சிறிதுதான்.