கொல்லையில் செங்குவாங்: விதை முதல் கிழங்கு வரை

நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணங்களில் கேரட் விதைத்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கேரட்டுக்கு 15 முதல் 20 டிகிரி குளுமை வேண்டும். கேமரன் மலையில் அது கிடைக்கும்; 32 டிகிரி வெயில் அடிக்கும் நம் கொல்லையில் தழை மட்டும் செழிக்கும், பிடுங்கினால் சுண்டுவிரல் தடிமன்தான். நாலைந்து மாதம் பொறுக்க முடியுமென்றால் அந்த இடத்தில் செங்குவாங் போடுங்கள்; ஜிக்காமா என்றும் சொல்லும் நீர்ச்சத்துள்ள வெள்ளைக் கிழங்கு அது. மெக்சிகோ பக்கத்துப் பயிர், சூடு அதற்குப் பிடிக்கும். பகல் நேரம் 12 மணியை ஒட்டியிருந்தால் நன்றாகக் கிழங்கு கட்டும். நமக்கு ஆண்டு முழுக்க அப்படித்தான்.

மார்ச் தொடக்கத்தில் விதைப்பது நல்லது. ஏப்ரல், மே மழையில் கொடி வளரும்; ஜூன், ஜூலை வெயிலில் கிழங்கு முற்றும். அக்டோபர், நவம்பர் அடைமழையில் முற்றவிட்டால் பாதி அழுகிப் போகும்.

ஒரு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் நீளத்துக்குப் பாத்தி வெட்டி, 30 சென்டிமீட்டர் மேடாக்குங்கள். நம் செம்மண் புளிப்பு மண். அதனால் விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பே 400 கிராம் டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கிளறுங்கள். நன்றாக மக்கிய உரம் 10 கிலோ போதும். பச்சைக் கோழிச்சாணம் வேண்டாம். அடியில் சரளையும் கட்டி மண்ணும் இருந்தால் பொறுக்கி எறியுங்கள். வேர் அதில் முட்டினால் கிழங்கு இரண்டாகப் பிளந்து கோணலாகும்.

விதை பழுப்பு நிறத்தில், தட்டையாக, சதுரவாட்டில் இருக்கும். ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் மிதப்பதைக் கழித்துவிடுங்கள். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், குழிக்குக் குழி 25 சென்டிமீட்டர் விட்டு, குழிக்கு இரண்டு விதை, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் போடுங்கள். மூன்று வரிசையில் 36 செடி வரும். தட்டில் நாற்று வளர்த்துப் பிடுங்கி நடாதீர்கள். ஆணிவேர்தான் கிழங்காகப் பருக்கிறது, அது அறுந்தால் கதை முடிந்தது. ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும். மூன்று இலை விட்டதும் குழிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடி வேரும் ஆடும்.

உரத்தில்தான் பலர் கெடுக்கிறார்கள். இது பயறு வகைக் கொடி, வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியைத் தானே தேடிக்கொள்ளும். யூரியா போட்டால் வேலி முழுக்க இலை படரும், அடியில் ஒன்றும் இருக்காது. 12-12-17-2 என்ற எண் போட்ட நீல நிறக் கலப்பு உரத்தை ஐந்தாவது வாரமும் ஒன்பதாவது வாரமும் பாத்திக்கு 90 கிராம் வீதம் செடியை ஒட்டாமல் தூவினால் போதும். சந்தேகமிருந்தால் ஓரச் செடி ஒன்றைத் தோண்டிப் பாருங்கள். வேரில் கடுகளவு முண்டுகள் ஒட்டியிருந்து, விரலால் தள்ளினால் உதிர்ந்து, நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் எல்லாம் சரி. உதிராமல் வேரே முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் அது நூற்புழு. கத்தரி, தக்காளி, வெண்டை எடுத்த பாத்தியில் உடனே செங்குவாங் போடாததற்கு அதுதான் காரணம்.

செம்பனை எண்ணெய் ஆலையில் பழம் உதிர்த்த காலிக்குலை கிடைத்தால் வரிசைக்கு நடுவே ஒரே அடுக்காகப் பரப்புங்கள்; ஈரம் நிற்கும், களை அடங்கும். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு முட்டையிடும், அக்கம்பக்கத்துத் தென்னைக்கு ஆபத்து.

கொடி ஒரு மீட்டர் தாண்டியதும் நுனியைக் கிள்ளுங்கள். பிறகு ஊதாவிலோ வெள்ளையிலோ பூக்கதிர் நீட்டும். பார்க்க அழகுதான், ஆனால் விடக்கூடாது. காய் பிடித்தால் சத்தெல்லாம் விதைக்குப் போய்க் கிழங்கு சிறுத்துவிடும். வாரம் ஒரு முறை கதிரை அடியோடு கிள்ளுங்கள். இந்த ஒரு வேலையில் சோம்பல்பட்டால் மற்ற பாடெல்லாம் வீண்.

வாரக்கணக்கில் காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் பாய்ந்தால் கிழங்கு வெடிக்கும். மழை இல்லாத நாளில் கொஞ்சம் கொஞ்சமாக, சீராக ஊற்றுங்கள். நிழலிலும் கிழங்கு கட்டாது. குறைந்தது ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

நாலரை மாதத்தில் தண்டடியில் மண்ணை விலக்கிப் பாருங்கள். இரண்டு கை சேர்த்துப் பிடிக்கும் அளவு வந்திருந்தால் ஒரு வாரம் தண்ணீரை நிறுத்தி, மண் கிளறும் தோட்ட முள்கரண்டியைக் கிழங்கிலிருந்து தள்ளிக் குத்தி நெம்புங்கள். பெரிதாகட்டும் என்று ஏழெட்டு மாதம் விட்டால் நார் பாய்ந்து மாவாகும். ரோஜாக் என்ற காய்கனிக் கலவைக்கும் ஆகாது, பொப்பியா என்ற காய்ச் சுருளுக்கும் ஆகாது. இளங்கிழங்கு சாம்பாரில் வெந்தாலும் நறுக்கென்று இருக்கும். கழுவாமல் நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். முழுக் கிழங்கைக் குளிர்ப்பெட்டியில் பல நாள் வைத்தால் உள்ளே பழுப்பேறி நீர்த்துவிடும். வெட்டிய துண்டை மூடி வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடலாம்.

அடுத்த தடவை விதைக்கு ஒரே ஒரு கொடியில் மட்டும் பூவை விட்டு, காய் பழுப்பாகிக் காய்ந்ததும் பறியுங்கள். ஆனால் கவனம்: இலை, முற்றிய காய், விதை எல்லாவற்றிலும் ரோட்டினோன் என்ற நஞ்சு உண்டு. விதை பார்க்கப் பயறு மாதிரியே இருப்பதால் சமையலறைப் பக்கமே கொண்டு வராதீர்கள். பெயர் எழுதிய புட்டியில் போட்டு, பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.