சி.டி.ஆர் எப்போது போடுவது, எப்படிப் போடுவது

கண்புரை ஆபரேஷனில் சோன்யூல் (லென்ஸ் பையைச் சுற்றிலும் பிடித்திருக்கும் நுண்ணிழைகள்) பலவீனமாக இருந்தால், அந்தப் பையை, அதாவது கேப்ஸ்யூலை, உள்ளிருந்து விரித்துத் தாங்கப் போடும் வளையம்தான் கேப்சுலர் டென்ஷன் ரிங் (சி.டி.ஆர்). அது போட வேண்டிய கண் பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு துப்புக் கொடுத்துவிடும். அடிபட்ட கண், சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் (கண்ணுக்குள் வெண்துகள் படியும் நோய்), மார்ஃபான் (பரம்பரையாக வரும் இணைப்புத்திசுக் கோளாறு) என்று எதுவாக இருந்தாலும், பியூப்பிலை விரிக்க மருந்து விடுவதற்கு முன்பே ஸ்லிட் லேம்ப்பில் உட்கார வைத்து ஐரிஸோ லென்ஸோ ஆடுகிறதா என்று பாருங்கள். அங்கே தப்பினாலும் ரெக்சிஸ் (கேப்ஸ்யூலின் முன்பக்கத்தில் வட்டமாகத் திறப்பது) தொடங்கும்போது தெரியும்: ஊசி முனையை அழுத்தினால் கேப்ஸ்யூல் குத்துப்படாமல் சுருங்கிக்கொண்டு பின்வாங்கும்.

சோன்யூல் போனது மூன்று, நான்கு கிளாக் அவருக்குள் (வட்டத்தைக் கடிகார முகம்போல் பன்னிரண்டாகப் பிரித்த கணக்கு) என்றால் சாதாரண ரிங் தாங்கும். அதற்கு மேல் போனால் ஸ்கிளீராவில் (கண்ணின் வெள்ளைச் சுவரில்) தைக்கிற சியோனி ரிங்கோ அஹ்மத் செக்மென்ட்டோதான் வேண்டும். ரெக்சிஸ் ஓரம் கிழிந்திருந்தாலோ பின் கேப்ஸ்யூலில் ஓட்டை இருந்தாலோ ரிங்கைத் தொடவே வேண்டாம், அது விரியும் வேகத்தில் கிழிசலும் கூடவே ஓடும்.

எப்போது போடுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நியூக்ளியஸ் (லென்ஸின் கெட்டியான நடுப்பகுதி) உள்ளே இருக்கும்போதே ரிங்கைத் தள்ளினால் மிச்சமுள்ள நல்ல சோன்யூல்கள் மேலும் இழுபடும், கார்டெக்ஸும் (நியூக்ளியஸைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி) ரிங்குக்கும் பைக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதை உருவுவது பெரிய தலைவலி. அதனால் எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போடுங்கள், அதுவரை பையைத் தாங்க கேப்ஸ்யூல் ஹூக் இருக்கிறது. கண்ணுக்குள் திரவம் விடும் பாட்டிலை இறக்கி வைத்து, ஃபேக்கோ முனையை (லென்ஸை உடைத்து உறிஞ்சும் கருவி) வெளியே எடுப்பதற்கு முன் மறக்காமல் விஸ்கோ (இடத்தை விரித்து வைக்கும் ஜெல்) ஏற்றுங்கள். கண்ணின் முன் சேம்பர் ஒருமுறை பொத்தென்று அமுங்கினாலே சோன்யூல் இன்னும் கொஞ்சம் போய்விடும். சரி, பை கையோடு வருகிறது, வேறு வழியில்லை என்றால் நடுவிலேயே போடத்தான் வேண்டும். அப்படியானால் முதலில் முன் கேப்ஸ்யூலுக்கு அடியில் விஸ்கோ விட்டுக் கார்டெக்ஸைக் கீழே அமுக்கி இடம் பண்ணிக்கொள்ளுங்கள். அப்புறம் கார்டெக்ஸ் எடுக்கும்போது நடுவை நோக்கி இழுக்காமல் பையின் விளிம்போடு ஒட்டிப் பக்கவாட்டில் உருவ வேண்டும்.

போடும் முறை சிக்கலானதில்லை. பையை விஸ்கோவால் நன்றாக நிரப்பி, இன்ஜெக்டர் முனையை ரெக்சிஸ் ஓரத்துக்கு அடியில் வைத்து, முன்னால் வருகிற ஐலெட் (ரிங்கின் முனையில் உள்ள சிறு துளை) பை விளிம்பை வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பார்த்தபடி மெதுவாகத் தள்ளுங்கள். ஐலெட் பையில் முட்டி மடிப்பு விழுந்தால் உடனே நிறுத்துங்கள், அந்த இடத்தில் பலம் காட்டினால் பை கிழியும். இன்னொரு கையில் சின்ஸ்கி ஹூக் வைத்து ஐலெட்டைச் சற்று உள்பக்கமாக வளைத்துக் கொடுத்தால் திரும்பிப் போய்விடும். பின் ஐலெட்டும் ரெக்சிஸ் ஓரத்தைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் இன்ஜெக்டர் கொக்கியிலிருந்து விடுவிக்க வேண்டும். சந்தேகமான கண்ணில் முன் ஐலெட்டில் ஒரு 10-0 நூலைக் கோத்து வெளியே விட்டு வையுங்கள். ஏதாவது கிழிந்தால் ரிங்கை அதைப் பிடித்தே வெளியே இழுத்துவிடலாம், விட்ரியஸுக்குள் (லென்ஸுக்குப் பின்னால் உள்ள ஜெல்) தேட வேண்டியதில்லை.

சூடோஎக்ஸ்ஃபோலியேஷன் நோயாளியிடம் வருடக்கணக்கில் ஃபாலோ-அப் வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். ரிங் இருந்தும் சோன்யூல் தேய்வது நிற்காது, பல வருடம் கழித்துப் பை, லென்ஸ், ரிங் எல்லாம் சேர்ந்தே இறங்கலாம். அப்போதும் அந்த ரிங்கைச் சுற்றி நூல் போட்டு ஸ்கிளீராவில் கட்டிவிட முடியும்.