மழை இரவில் பயத்தை ஜெபமாக்க

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவி சொன்னதும் டெல்டாவில் தூக்கம் போய்விடும். சம்பா வயலில், நகை அடகில். போதாததற்கு, பயப்படுவதே விசுவாசக் குறைவோ என்ற உறுத்தல் வேறு. அதை முதலில் இறக்கி வையுங்கள். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3) என்பவர் பயந்துகொண்டேதான் சொல்கிறார்.

ஒரு தாளை எடுத்துப் பயத்தை எழுதுங்கள். "எல்லாம் போச்சு" என்று எழுதினால் ஜெபிக்கப் பிடி கிடைக்காது. "மூணு மா சம்பா சாய்ஞ்சா தையில நகையைத் திருப்ப முடியாது" என்றால் கிடைக்கும்.

கீழே நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நம் கையில் இருப்பவை: வடிகாலை அடைத்த வெங்காயத்தாமரையை அகற்றுவது, காப்பீட்டு ரசீதைத் தேடி வைப்பது, அடகுக்குத் தவணை கேட்பது. வலப்பக்கம் இல்லாதவை: மழை, ஆற்றில் வரும் வெள்ளம், நெல் விலை. வலப்பக்கத்தை வாய்விட்டு ஜெபியுங்கள். இடப்பக்கத்தில் ஒன்றை விடிந்ததும் செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மழைக்கு ராமுழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு, வாய்க்காலைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார்கள்.

வார்த்தை வராவிட்டால் சங்கீதம் 13. (திருப்பாடல் என்று சொல்லும் கத்தோலிக்கருக்கும் எண் அதுவே.) ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நாலு தடவை முறையீடு, அடுத்த இரண்டில் மன்றாட்டு, ஐந்தில்தான் நம்பிக்கை. நேரே ஐந்துக்குத் தாவாதீர்கள். முறையிடாத மனசில் துதி தொண்டையோடு நின்றுவிடும். நாலாம் வசனம் முடிந்ததும் நிறுத்தி உங்கள் தாளை வாசியுங்கள். பிறகு 5, 6.

கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வாக்குத்தத்தமாக எடுக்க வேண்டாம். மழை நிற்காவிட்டால் அந்த வசனமே முள்ளாகக் குத்தும். பொருத்தனையும் (நேர்த்திக்கடன்) அப்படித்தான். வேளாங்கண்ணிக்கு நடப்பதை முன்பணமாக்கினால் அது பேரம்.

சாப்பிடாமல் ஜெபிப்பவர்கள் 1 இராஜாக்கள் 19-ஐப் பார்க்கலாம். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். ஆகவே ஒரு வாய் கஞ்சியாவது குடித்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்தைத் தாண்டினால் போதகரோடு நிறுத்தாமல் மருத்துவரையும் பாருங்கள். சாகத் தோன்றினால் அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழையுங்கள். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.