ஹெட்போன் பஞ்சை மாற்றலாமா?

ஹெட்போனைக் கழற்றினால் காதோரமெல்லாம் கறுப்புத் துணுக்குகள். பஞ்சை மூடியிருக்கும், ரெக்சின் மாதிரியான அந்தச் செயற்கைத் தோல் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் உரிவது சகஜம்தான். அதற்காக மட்டும் மாற்றியிருக்க மாட்டேன். பேஸ், அதாவது பாட்டின் கனத்த அடிநாதம், குறைந்துபோனதுதான் உறுத்தியது. பாட்டை ஓடவிட்டு, இரண்டு கப்பையும் உள்ளங்கையால் காதோடு லேசாக அழுத்தினேன். பேஸ் திரும்பி வந்தது. சரி, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, பஞ்சு அமுங்கிப்போய்க் காற்று கசிகிறது. வெல்வெட் உறை காதுக்கு இதம், ஆனால் பேஸை இன்னும் குறைத்துவிடும். அதனால் பழையபடி செயற்கைத் தோல் உறை போட்ட பஞ்சையே, அதே தடிமனில் வாங்கினேன். தடிமன் மாறினால் ஒலியும் மாறும். மாட்டுவதுதான் இம்சை. உறையின் பின்பக்க விளிம்பை ஓரிடத்தில் கப்பின் பள்ளத்துக்குள் செருகி, பழைய ஏடிஎம் கார்டால் சுற்றிலும் நெம்பித் தள்ள வேண்டும். இடப்பக்கம் சட்டென்று உட்கார்ந்தது, வலப்பக்கம் ரொம்பவே படுத்தியது.