கோடையில் மலைக்குப் போகிறவர்கள் இறங்கும்போது கோட்டை விடும் இடங்கள்

முழுப்பரீட்சை முடிந்த வாரத்திலிருந்து வட சென்னையில் பாதிப் பேர் மலையைத்தான் பார்க்கிறார்கள். வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக நாகலாபுரம் போவார்கள். இல்லையென்றால் கும்மிடிப்பூண்டி தாண்டி தடா. குடும்பமாகப் போகிறவர்களுக்கு ஏலகிரி, ஏற்காடு, ஊட்டி. பௌர்ணமி வந்தால் பர்வதமலை.

எல்லாரும் ஏறுவதற்குத் தயாராகத்தான் போகிறார்கள். ஷூ வாங்குகிறார்கள், இன்ஜின் ஆயில் மாற்றுகிறார்கள், காலையில் சீக்கிரம் கிளம்புகிறார்கள். இறங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அது தானாக நடந்துவிடும் என்று நினைப்பு. ஆனால் இறங்கத் தொடங்கும் நேரத்தில் தண்ணீர் பாட்டில் காலி, வெளிச்சம் குறைவு, கால் தொய்ந்திருக்கும், பிரேக் சூடாகியிருக்கும், மேலே மழை மேகம் கூடியிருக்கும். கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி அந்த நேரத்தில்தான் வினையாகின்றன.

மலை என்றாலே குளிர் என்று நம்பிப் போவது

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2240 மீட்டர், அதனால் மே மாதத்திலும் ஸ்வெட்டர் தேவைப்படும். ஏலகிரி 1100 மீட்டரை ஒட்டியது. ஜோலார்பேட்டையை விட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும், அவ்வளவுதான். நாகலாபுரம், தடா பாதைகளில் அந்தச் சலுகையும் கிடையாது. நடப்பதெல்லாம் தாழ்வான பள்ளத்தாக்குகளில். பாறை வெயிலை வாங்கி மதியம் முழுக்கத் திருப்பிக் கொடுக்கும், காற்றும் வராது. அங்கே மே மாதத்தில் பதினோரு மணிக்கு மேல் நடப்பது வெயிலுக்கு உடம்பை அடகு வைப்பதுதான்.

அரை நாள் நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். அதில் ஒரு லிட்டரை மூடியைத் திறக்காமல் இறங்குவதற்கென்று வைத்துவிடுங்கள். தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதைவிட, கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் அளவு குடிப்பது உடம்பில் சேரும். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்து, வியர்வையில் போன உப்பைத் திரும்ப எடுக்காமல் விடுவதும் தவறு. தலைவலி, குமட்டல், குழப்பம் என்று கொண்டுபோய் விடும். ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப் போகிறவர்கள் ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவதைப் பார்க்கலாம். அப்படிக் கலந்தால் உப்பு கூடிப்போய் வாந்தி வரும், தாகமும் அடங்காது. பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும், படித்துவிட்டுக் கலக்குங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும்.

கூட வருகிறவர் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால் அது களைப்பு இல்லை. வெப்பத் தாக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வியர்வை வந்துகொண்டிருந்தாலும் சரி. நிழலில் படுக்க வைத்து, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி வைக்க வேண்டும். முதலில் உடம்பைக் குளிர வைப்பது, அதன் பிறகுதான் தூக்கிக்கொண்டு போவது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது

மணலி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவே புகுந்து ஓட்டிப் பழகியவர்களுக்கு மலைப்பாதை அல்பமாகத் தெரியும். ஏற்றத்தில் அது உண்மையாகக்கூட இருக்கலாம். நாம் ஓட்டிப் பழகிய பெரிய இறக்கம் மின்ட் மேம்பாலம். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஏற்காட்டில் 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. விடாமல் பிரேக் பிடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பிரேக் பேட் டிஸ்க்கை உரசும்போது வண்டியின் வேகம் வெப்பமாக மாறுகிறது. ஆற நேரம் கிடைக்காமல் சூடு ஏற ஏற, முதலில் பேடின் பிடிப்பு குறையும். பிறகு அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்ற தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை 205 டிகிரி. அந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாள்பட்டு ஈரம் ஏறியதற்கு கணக்கு வெறும் 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கடல் காற்று அடிக்கும் ஊரில் ஐந்து வருஷமாக மாற்றாத ஆயிலோடு ஊட்டி போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்க முடியும். அதனால் பெடலை மிதித்தால் பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது.

தடுக்கும் வழி எளிது. எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கொண்டை ஊசி வளைவுக்கு அது பெரும்பாலும் இரண்டாவது, சில இடத்தில் முதல் கியர். கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல. ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்', '2' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டு, மறுபடி பிடியுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே வருவதுதான் பிரேக்கைக் கொளுத்துகிறது.

பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும், பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். மின்சாரக் கார்காரர்களுக்கு வேறொரு சிக்கல். மலை உச்சி ஹோட்டலில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்கினால், இறக்கத்தில் கிடைக்கும் மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் இருக்காது, மோட்டாரின் இழுவை குறைந்துவிடும். எண்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆக்டிவா மாதிரி கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர், இரண்டு பை என்று ஏலகிரி போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வேகம் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், அதன்பின் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது. முழு பாரமும் பிரேக்கின் தலையில். ஏலகிரியில் 14 வளைவுதான் என்றாலும் நடுவில் ஒருமுறையாவது நிறுத்தி ஆற விடுங்கள்.

கருகல் வாடை வந்தாலோ பெடல் இறங்கினாலோ அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி, கியரில் விட்டு, டயருக்குக் கல் கொடுத்து, அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூட்டில் இருக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் வளையும், விரிசலும் விடலாம். கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது இரண்டுதான்: பேட் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருக்கிறதா, பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருஷம் ஆகிவிட்டதா.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது மலைச் சாலை விதி. பஸ் வருகிறதென்றால் வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள், அதற்குச் சாலை முழுவதும் தேவை. மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்; லோ பீமில் மெதுவாகப் போங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் காட்டும் கல்லட்டிக் குறுக்கு வழியில் 36 வளைவு, செங்குத்தான இறக்கம். விபத்துகள் பார்த்துப் பார்த்து வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூர் வழியாகச் சுற்றிப் போங்கள். நேரமும் டீசலும் கொஞ்சம் கூடப் போனால் போகட்டும்.

இறங்கப் பாதி நேரம் போதும் என்று கணக்குப் போடுவது

பர்வதமலையோ வெள்ளியங்கிரியோ, செங்குத்துப் பாதையில் இறங்க ஏறிய நேரத்தில் பாதி போதும் என்று நம்பாதீர்கள். பாறையும் படியுமான இடத்தில் ஏறிய நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாகவே ஆகும், முட்டி வலி வந்தால் கூடவே ஆகும். ஆகவே உச்சியை எட்டினோமா என்று பார்க்காமல், திரும்பும் நேரத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மே மாதத்தில் சூரியன் மறைவது ஆறரையை ஒட்டி. பள்ளத்தாக்கில் ஒரு மணி நேரம் முன்னதாகவே இருட்டும். போன் டார்ச்சை நம்ப வேண்டாம், இருட்டும் நேரத்தில் அதில் சார்ஜ் இருக்காது. ஆளுக்கொரு தலை விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது தொடைத் தசை ஒவ்வொரு அடியிலும் நீண்டபடியே உடம்பைத் தாங்க வேண்டும். அந்த வேலைக்குப் பழகாத தசை இரண்டு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும், கால் இடறுவது அப்போதுதான். மெரினாவில் தினம் நடந்தாலும் இந்தப் பழக்கம் வராது. நம் பக்கத்தில் ஹவுசிங் போர்டு மாடிப்படிக்குப் பஞ்சமில்லை. போவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஐந்து கிலோ பையை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் ஏறி இறங்குங்கள். லிஃப்டில் ஏறி, படியில் இறங்கினாலும் பலன் உண்டு, உண்மையில் அதுதான் தேவை.

இறங்கும்போது சிறு அடியாக, முட்டியை லேசாக மடக்கியபடி, செங்குத்தான இடத்தில் பக்கவாட்டில் வளைந்து வளைந்து வாருங்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியை வாங்காமல் போகிறவர்கள் இறங்கும்போது வருந்துவார்கள். ஷூ அரை அளவு பெரிதாக இருந்து, இறங்குமுன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினால் கால் நகம் கறுக்காது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெள்ளியங்கிரியின் ஏழு மலையை நேர்த்திக்கடனுக்காகக்கூட எடுக்க வேண்டாம். அந்தப் பாதையில் அநேகமாக ஒவ்வொரு சீசனிலும் உயிர் போகிறது.

கடலில் நீந்தத் தெரியும் என்று சுனையில் குதிப்பது

காசிமேட்டில் நீந்தி வளர்ந்தவர்களுக்கு இது கசக்கும். கடல் நீர் உப்பால் கனமானது, உடம்பைத் தூக்கிக் கொடுக்கும். சுனையின் நல்ல தண்ணீர் அந்த அளவுக்குத் தூக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் ஓராள் ஆழத்தில் சில்லென்று மாறும். வெயிலில் நடந்து வந்த உடம்பு திடீரென மூச்சை இழுக்கும், தலை உள்ளே இருந்தால் இழுப்பது தண்ணீரை. பாறையில் பாசி, அடியில் தெரியாத குடைவு. கோடையில் மட்டம் இறங்கியிருப்பதால் போன முறை குதித்த இடத்தில் இந்த முறை பாறை ஒரு முழத்தில் நிற்கலாம். தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்புதான் போகும். கால் எட்டும் இடத்தில் இறங்கிக் குளியுங்கள். யாராவது மூழ்கினால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ, தடியோ, மூடிய காலி கேனோ வீசுங்கள்.

கோடையில் வெள்ளம் வராது என்பதும் தப்புக் கணக்கு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு விழாமல் இருக்கலாம், மழை மேலே பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறி உயரமான இடத்துக்குப் போங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உச்சியிலிருந்தும் தனி மரத்தடியிலிருந்தும் விலக வேண்டும். கண்ணாடி ஏற்றிய கார் பாதுகாப்பு.

அனுமதி, காடு, தீ

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் உண்டு. சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று பதிவு செய்யலாம் என்று கிளம்பாதீர்கள். அரசு பஸ்ஸில் போனால் இந்தத் தலைவலி இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சாவடியிலேயே வாங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

காட்டு நடைக்கு, வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 பாதைகள் உள்ளன, உள்ளூர் வழிகாட்டியும் கூட வருவார். தீப்பிடிக்கும் பருவத்தில் மூடிவிடுவார்கள். மூடியிருக்கிறது என்றால் வேறு வழியில் நுழைந்து பார்க்காதீர்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாகப் பாயும். புகை கண்டால் மேலே ஓடாமல், பக்கவாட்டில் புல் இல்லாத பாறைப்பக்கம் நகர வேண்டும். காட்டுக்குள் பீடி, சிகரெட், சமையல் எதுவும் கூடாது.

நாகலாபுரமும் தடாவும் ஆந்திராவில் இருக்கின்றன. நுழைய விடுவதும் நிறுத்துவதும் அங்குள்ள வனத்துறையின் முடிவு. முந்தைய நாள் விசாரியுங்கள். தெலுங்கு பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் அவசரத்தில் கைகொடுக்கும், நம் பக்கத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது கஷ்டமில்லை.

திரும்பி வரும் ராத்திரி

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடித்து ராத்திரி பதினோரு மணிக்குப் பைக்கில் கிளம்பி, விடியலில் ஏறி, சாயங்காலம் இறங்கி, அப்படியே வீட்டுக்கு விடுவது பையன்களின் வழக்கமான திட்டம். மலையில் தப்பித்தவர்கள் ஆம்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே கண் அசந்து லாரியின் பின்னால் மோதுவது இந்தத் திட்டத்தினால்தான். டீ குடித்தால் தூக்கம் தள்ளிப்போகும், தீராது. ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய் அங்கிருந்து பஸ் பிடியுங்கள். பைக்கில்தான் போவேன் என்றால் அடிவாரத்தில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டு மறுநாள் வெளிச்சத்தில் கிளம்புங்கள்.

வீட்டில் ஒருவருக்கு எழுத்தில் ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டுப் போங்கள்: எந்த மலை, எந்தப் பாதை, யார் யார், வண்டி எண், இறங்கி போன் செய்யும் நேரம், அந்த நேரம் தாண்டி எவ்வளவு நேரம் பொறுத்து 112க்கு அழைக்க வேண்டும் என்பது வரை. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு கம்பெனி டவர் எட்டினால் 112 போகும், அதனால் மலையில் மாட்டிக்கொண்டால் கட்டம் காட்டவில்லை என்று விட்டுவிடாமல் அழைத்துப் பாருங்கள்.