அமாக்சிசிலின் சிரப்: எடைக்கு ஏற்ற அளவு

அமாக்சிசிலின் ஒரு ஆன்டிபயாட்டிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. குழந்தைக்கு அதன் அளவை வயது பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்றரை வயதில் 8 கிலோ குழந்தையும் உண்டு, 12 கிலோ குழந்தையும் உண்டு. அன்றைக்கே எடை போடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் தேவையா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நோய்க்கு நோய் அளவு மாறும். நிமோனியாவுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வேளைக்கு, கிலோவுக்கு 40 மி.கி., தினம் இரண்டு வேளை. 8 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 320 மி.கி. பாட்டிலில் '5 மி.லி.க்கு 250 மி.கி.' என்றிருந்தால் 320-ஐ 250-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்குங்கள்: 6.4 மி.லி. '5 மி.லி.க்கு 125' பாட்டிலானால் 12.8 மி.லி. கடையில் பாட்டில் மாறியது தெரியாமல் பழைய 6.4-ஐயே கொடுத்தால் பாதி மருந்துதான் உள்ளே போகும். அதனால் சீட்டில் மி.லி.யோடு மி.கி.யையும் எழுதி வாங்குங்கள். 'ஒரு நாளைக்கு' என்ற அளவை 'ஒரு வேளைக்கு' என்று படித்தால் இரட்டிப்பாகிவிடும். இந்தப் பிழை நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருந்து பாட்டிலில் பவுடராக வந்தால், அதைத் தட்டி உதிர்த்து, கொதித்து ஆறிய நீரைப் பாட்டிலில் உள்ள கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியபின் கோடு வரை நிரப்புங்கள். நுரையைக் கோடாக எண்ணினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து கன்னத்தின் உட்புறம் மெதுவாக விடுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.